வூடு மாறப் போறியாமே, தம்பி

வேளச்சேரியில இருந்து செம்பாக்கத்துக்கு வர்றியாமே? வா, வா. ஊரே அப்படித்தான் வந்துக்கிட்டு இருக்குது. அங்க வாடகை ஏற ஏற, இங்க ஆளு வந்து இறங்குது. ஞாயித்துக்கிழமை காலையில ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல்ல நின்னு பாரு. கட்டிலு, பீரோ, தலைகீழா ஒரு மேசை, அதுக்கு மேல குழந்தை சைக்கிளு, எல்லாம் குட்டியானை மேல சவாரி போவும்.

மருமவ போன்ல ஒரு பட்டியலைக் காட்டுச்சு. எக்ஸெலாம். சமையக்கட்டுப் பெட்டிக்குப் பச்சை ஸ்டிக்கர், படுக்கை ரூமுக்கு நீலம், சாமி ரூமுக்கு மஞ்சள். பெட்டிக்கு ஒரு நம்பர், நம்பருக்கு ஒரு க்யூஆர் கோடு. போனைக் காட்டினா உள்ள இன்னா இருக்குதுன்னு அதுவே சொல்லுமாம். ஏன் தம்பி, பெட்டியத் தொறந்தா சொல்லாதா?

இருக்கட்டும். பபுள் ராப்பு எத்தினி மீட்டர்னு விசாரிச்சிட்ட. மூணு கம்பெனிக்காரன்கிட்ட வீடியோ காலு போட்டு வூட்டைச் சுத்திக் காட்டிட்ட. எல்லாம் சரி. புது வூட்டுக் கொழாயத் தொறந்து பார்த்தியா? அதைக் கேட்டா புருசனும் பொண்டாட்டியும் மூஞ்சிய மூஞ்சியப் பார்த்துக்கறீங்க. பொண்ணு பார்க்கப் போனவன் பந்தல்காரனைப் பேசி முடிச்சுட்டு வந்த கதையா இருக்குது.

முதல்ல போயி கொழாயத் தொற. ஒரு வாய் ஊத்திப் பாரு. கரிக்குதா? சோப்பு போட்டா நுரைக்குதா, சொம்மா வழுக்குதா? ஒரு பாட்டில்ல புடிச்சு ராத்திரி வச்சுப் பாரு. காலையில அடியில காவி படிஞ்சுதுன்னா வெள்ளைச் சட்டைக்கு இப்பவே ஒரு கும்பிடு போட்டுடு. பாத்ரூம் டைல்ஸ் ஓரத்துல உப்பு பூத்திருக்குதான்னு பாரு. ஓனரு டைல்ஸைக் காட்டி இத்தாலின்னு சொல்லுவாரு. நீ இடுக்கைப் பாரு.

அப்பால கேளு. போரு எத்தினி அடி? மே மாசத்துல ஊறுதா, இல்ல லாரிதானா? லாரின்னா காசு யாரு குடுக்கறது? சம்பு எத்தினி லிட்டர், அதை எத்தினி வூடு பங்கு போடுது? மோட்டாரு யாரு போடறது? குடிக்கற கேன் தண்ணி 20 லிட்டரு. அந்தப் பையன் மூணாவது மாடிக்குத் தூக்கிட்டு வருவானா, கேட்டுல வச்சுட்டு ஹாரன் அடிச்சுட்டுப் போவானா? இதுல எந்தக் கேள்வி தம்பி உன் எக்ஸெல்ல இருக்குது? திரைச்சீலை கலரு இருக்குது. நான் பார்த்தேன்.

உள்ள வர்ற தண்ணி கதை இது. வெளிய நிக்கற தண்ணி கதை பெருசு.

செம்பாக்கம் ஏரிக்காரங்க ஊரு. எங்க ஏரி தனியா கிடக்கற ஏரி இல்ல. சிட்லபாக்கம் ஏரி ரொம்பினா இங்க வரும். இங்க ரொம்பினா நன்மங்கலம் போவும். அங்கேருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில பள்ளிக்கரணை சதுப்பு. எங்க தாத்தன் காலத்துல இந்தத் தண்ணி கழனிக்குப் போச்சு. கழனியெல்லாம் மனையாச்சு, மனையெல்லாம் மாடியாச்சு. போர்டுல ‘லேக் வியூ’ன்னு எழுதி வச்சிருக்கான். நீ ஏரியப் பார்க்கலாம்னு காசு குடுக்கற. கார்த்திகையில ஏரி உன்னைப் பார்க்க வரும்போது கதவைத் தொறந்து வைப்பியா?

2015 டிசம்பர் ஒண்ணாந்தேதி நெனப்பிருக்குதா? நீ அப்ப காலேஜுல இருந்திருப்ப. தாம்பரத்துல மட்டும் ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் பேஞ்சுது. முடிச்சூரு, வரதராஜபுரம் பக்கம் தெருவுல படகு வந்துச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலு வந்து, மறந்தவங்களுக்கெல்லாம் இன்னொரு தபா ஞாபகப்படுத்திட்டுப் போச்சு.

அதனால புரோக்கரைக் கேக்காதே. அவனுக்கு ஒரு மாச வாடகை கமிஷன், அவன் கண்ணுக்குத் தண்ணி தெரியாது. ஓனரைக் கேட்டா, “இங்க சொட்டுத் தண்ணி நிக்காது சார்”ம்பாரு. தெரு முனையில இஸ்திரி வண்டி போட்டிருக்கானே, அவனைக் கேளு. மழைக்கு வண்டிய எங்க தள்ளி வப்பேன்னு கேளு. அவன் கை காட்டற இடந்தான் மேடு. மெக்கானிக் ஷாப்பு இருந்தா, போன மழைக்கு எந்தத் தெரு வண்டியெல்லாம் தள்ளிக்கிட்டு வந்தாங்கன்னு கேளு. காம்பவுண்டு சுவத்துல புதுப் பெயிண்டு அடியில மட்டும் இடுப்பளவுக்கு அடிச்சிருந்தா, அது எதுக்குன்னு ஒரு நிமிஷம் யோசி. பக்கத்துல பழைய வூடு ஏதாவது இருந்தா அதோட சுவத்தைப் பாரு. அதுக்குப் பெயிண்டடிக்க வசதி இருந்திருக்காது. கோடு அப்படியே இருக்கும். ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொன்னவன் செம்பாக்கத்துக்காரனாத்தான் இருப்பான்.

நீ என்னைப் பார்த்துச் சிரிக்கற. ஆடியில மாறக் கூடாது, மார்கழியில மாறக் கூடாதுன்னு பெருசு சொல்லுது, பழைய பஞ்சாங்கம்னு. சாமி குத்தம்னு நான் எங்கடா சொன்னேன்? கணக்கு போட்டுப் பாரு. ஐப்பசி, கார்த்திகை மழை. அப்ப போயி வூடு பாரு. எந்தத் தெருவுல முட்டி வரைக்கும் பேண்ட்டை மடிச்சுக்கிட்டு நடக்கறானுங்களோ, அந்தத் தெரு வாணாம். மார்கழியில எவனும் மாற மாட்டான். ‘டு லெட்’ போர்டு காத்துல ஆடிக்கிட்டுக் கிடக்கும், ஓனரு முகம் வாடிப் போயிருக்கும். அப்ப பேரம் பேசு. மாசக் கடைசியில போகி வருதா? வேண்டாததையெல்லாம் தள்ளு. தை பொறந்ததும் பாலைக் காய்ச்சு. எவனாவது ஐஐடியில படிச்சவன் உக்காந்து யோசிச்சாலும் இதைவிட நல்ல பட்டியல் போட முடியுமா?

நீ இன்னா பண்ணியிருக்க? ஏப்ரல் மாசம், காயற வெயில்ல, காஞ்ச தெருவுல நின்னு, “சூப்பர் லொகேஷன்”னு சொல்லிட்டு டோக்கன் அட்வான்ஸ் குடுத்துட்டு வந்திருக்க. ஏப்ரல்ல எந்தத் தெருடா சூப்பரா இல்ல?

அட்வான்ஸுன்னதும் ஞாபகம் வருது. மெட்ராஸ்ல பத்து மாச வாடகைய அட்வான்ஸா வாங்கறதை ஏதோ குலதெய்வம் சொன்ன கணக்கா நெனச்சுக்கிட்டு இருந்தானுங்க. 2017-ல போட்ட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்துச்சு. மூணு மாச வாடகைதான் கணக்குன்னு அது சொல்லுது. ஒப்பந்தத்தை எழுதணும், பதிவு பண்ணணும்னும் சொல்லுது. காலி பண்றப்ப பெயிண்டிங் சார்ஜுன்னு ஒரு மாசத்தை லபக்குன்னு முழுங்குவானே, அது இத்தினிதான்னு பேப்பர்ல எழுதி வாங்கு. பழைய வூட்டைக் காலி பண்றதுக்கு முன்னாடி, சாமானெல்லாம் எடுத்த அப்பால, சுவத்தைப் படம் புடி. ஈபி மீட்டரையும் படம் புடி. ரெண்டு மாசத்துக்கு ஒரு தபா ரீடிங் எடுக்கறான், நடுவுல போனா யாரு கட்டறதுன்னு சண்டை வரும். உன் போன்ல சாப்பிட்ட தோசையெல்லாம் இருக்குதே, ஒரு மீட்டர் படம் இருந்தா இன்னா கெட்டுப் போவுது?

வழி வாசல் பார்த்தியா? உனக்குச் சோழிங்கநல்லூர்ல வேலை. ‘ஆபீஸுக்கு முப்பது நிமிஷம்’னு மேப்பு சொல்லுச்சாம். எத்தினி மணிக்குக் கேட்ட? ராத்திரி பதினொரு மணிக்குக் கேட்டிருப்ப. காலையில ஒன்பது மணிக்கு மேடவாக்கத்துல வந்து நின்னு கேளு. மேப்பு வாயத் தொறக்காது.

இந்தப் பக்கம் பெரிய பெரிய ஆளெல்லாம் வூடு மாறி வந்திருக்காங்க தம்பி. அவங்க எப்படி வந்தாங்கன்னு பாரு. கிறிஸ்டியன் காலேஜு பாரீஸ் கார்னர் பக்கம் நெருக்கடியில கிடந்தது. 1937-ல சேலையூர் காட்டுக்கு மாறிச்சு. அதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே, 1931-ல, பீச்சுலேருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலு ஓட ஆரம்பிச்சிட்டுது. வழி முதல்ல, வூடு அப்பால. வந்தவங்க சொம்மாவும் இல்ல. எட்வர்டு பார்ன்ஸ்னு ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியாரு, மரமா நட்டுத் தள்ளினாரு. இன்னிக்கும் அந்தக் காம்பவுண்டுக்குள்ள போனா வெயிலு தெரியாது. மிருகக்காட்சி சாலையும் சென்ட்ரலு பக்கத்துல இருந்துதான் வண்டலூருக்கு மாறிச்சு. 1985-ல தொறந்தாங்க. சிங்கத்துக்குக்கூட இடம் பார்த்து, வேலி போட்டு, தண்ணி வச்ச அப்பாலதான் கூட்டிட்டு வந்தாங்க.

கோயம்பேடு பஸ் ஸ்டாண்டு கிளாம்பாக்கத்துக்கு மாறின கதை உனக்கே தெரியும். 2023 டிசம்பர் 30-ந் தேதி தொறந்தாச்சு. கட்டடம் ஜோரு, குறையே சொல்ல முடியாது. ரயில்வே ஸ்டேஷன் மட்டும் அப்ப வரலை. பொங்கலுக்கு ஊருக்குப் போறவன் பொட்டியத் தலையில வச்சுக்கிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போறதுக்கு எந்த பஸ்ஸு ஏறணும்னு கேட்டுக்கிட்டு நின்னான். கவர்மெண்டே அப்படி மாறுதுன்னா நீ மாறறதுல தப்பில்லன்னு சொல்லுவ. அவங்களுக்கு ஜி.எஸ்.டி ரோடு இருக்குது. உனக்கு இருக்கறது ஒரு சந்து. அதையும் பாதாள சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்தான்னா லாரி எங்க நிக்கும்?

சந்துன்னதும் சோபா ஞாபகம் வருது. எங்க தெருவுல போன வருஷம் ஒரு பையன் குடிவந்தான். நல்ல பையன். மூணு பேரு உக்கார்ற சோபா, எல் ஷேப்பு. கம்பெனிக்காரங்க அதுக்குப் பஞ்சு சுத்தி, பபுள் சுத்தி, அட்டை சுத்தி, பிள்ளைத்தாச்சியத் தாங்கறதுக்கு மேல தாங்கிக் கொண்டாந்தாங்க. முதல் மாடி ஏறிச்சு. ரெண்டாவது மாடித் திருப்பத்துல நின்னுது. நேரா புடிச்சாங்க, சாய்ச்சுப் புடிச்சாங்க, தலைகீழா புடிச்சாங்க. கைப்பிடிக் கம்பிக்கும் சுவத்துக்கும் நடுவுல அது ஆப்பு வச்சாப்புல மாட்டிக்கிச்சு. கீழ இருக்கறவன் மேல போக முடியல, மேல இருக்கறவன் கீழ வர முடியல. மாடி வூட்டம்மா பால் பாக்கெட்டோட கீழ நின்னுக்கிட்டிருக்குது. லோடுமேன்ல வயசானவரு ஒருத்தரு, தலையில கட்டியிருந்த சும்மாடை அவுத்து மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு நிதானமா சொன்னாரு: “சார், கடையில வாங்கறப்ப மாடிப்படியக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்.” கடைசியில கயித்தைக் கட்டி பால்கனி வழியா ஏத்தினாங்க. ஈபி ஒயரு ஒரு முழத்துல. பார்க்கற எங்களுக்கு உசுரு இல்ல. ரெண்டாயிரம் எக்ஸ்ட்ரா.

ஒரு இஞ்சு டேப்பு இன்னா விலை? அதுகூட வாணாம், ஒரு சணல் கயிறு போதும். பீரோ உசரம், கட்டில் அகலம், சோபா நீளம், மூணுக்கும் மூணு முடிச்சு போடு. அதைக் கொண்டுபோயி புது வூட்டு வாசல்லயும் படித் திருப்பத்துலயும் வச்சுப் பாரு. கயிறு நுழையலைன்னா சோபா நுழையாது. இதுக்கு ஆப்பு கிடையாது தம்பி. அதான், போன்ல வருமே, அந்த ஆப்பைச் சொன்னேன்.

வேண்டாததைக் கழிக்கறதுக்கு மருமவ ஒரு புஸ்தகம் படிக்குதாம். ஜப்பான்ல மரி கொண்டோன்னு ஒரு அம்மா. ஒவ்வொரு சாமானாக் கையில எடு, மனசு குளுந்தா வச்சுக்கோ, இல்லாட்டி நன்றி சொல்லி அனுப்பிடுங்குதாம். நானும் எங்க வூட்டு அருவாமனைய எடுத்துக் கையில வச்சுக்கிட்டுப் பார்த்தேன். மனசு குளுரல. பயந்தான் வந்துச்சு. அதை அனுப்பிட்டா வஞ்சிரம் மீனை எதுல ஆயறது? அந்தம்மா சொல்றதுல தப்பு இல்ல. ஆனா உன் வூட்டுல இருக்கற பத்து சார்ஜரும் ஒடஞ்ச ட்ரெட்மில்லும் எப்படா உன் மனசைக் குளுர வச்சுது? துணி காயப்போடற அந்த ட்ரெட்மில்ல மூணு வூட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருக்க. காயலான் கடைக்காரனைக் கூப்பிட்டு எடை போடு. அவன் நன்றியெல்லாம் கேக்க மாட்டான், காசு குடுப்பான். போகியில கொளுத்தறேன்னு பிளாஸ்டிக்கையும் டயரையும் மட்டும் எரிக்காதே. அந்தப் புகையில மீனம்பாக்கத்துல ஏரோப்ளேனு இறங்க முடியாம திரும்பிப் போனதும் உண்டு.

கம்பெனிக்காரனை வச்சுக்கோ, வேணாம்னு சொல்லல. ரேட்டை எழுதி வாங்கு, மாடிக் கூலி, பிரிச்சுக் கோக்கற கூலி எல்லாம் சேர்த்து. ஒரு ரேட்டு பேசி ஏத்திட்டு, நடுவழியில இன்னொரு ரேட்டு பேசறவனும் இருக்கான். நகையும் பத்திரமும் உன் கையில வரணும். பிரிட்ஜை முந்தின நாளே நிறுத்தித் தண்ணி வடிய விடு, நிக்க வச்சே கொண்டா, இறக்கின உடனே சுவிட்சைப் போடாதே, சில மணி நேரம் அது பாட்டுக்கு நிக்கட்டும். இன்வெர்ட்டர் பேட்டரியப் படுக்க வச்சா ஆசிட் ஒழுகும். வந்த ஆளுங்களுக்கு டீயும் வடையும் சொல்லு. இன்சூரன்ஸை விட வடைக்குக் கண்ணாடி சாமான் நல்லாத் தாங்குது, நான் பார்த்திருக்கேன்.

விலாசம் மாத்தறதைப் பத்தி ரொம்பப் புலம்பற. ரேஷன் கார்டு, கேஸு, ஆதாரு, பாங்கு, ஓட்டுக்கு ஃபாரம் 8. மாத்தித்தான் ஆகணும், ஒரு நாளு லீவு போட்டு முடி. என் கதையக் கேளு. நான் பொறந்த வூட்டை விட்டு எங்கயும் போனதில்ல. பொறந்தப்ப செங்கல்பட்டு ஜில்லா. நடுவுல காஞ்சிபுரம் மாவட்டம்னாங்க. 2019-ல மறுபடியும் செங்கல்பட்டு மாவட்டம்னாங்க. செம்பாக்கம் நகராட்சின்னு ஒரு போர்டு இருந்தது. 2021 நவம்பர்ல அஞ்சு நகராட்சியும் அஞ்சு பேரூராட்சியும் ஒண்ணா சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயிடுச்சு. ஒரு அட்டைப்பெட்டி கட்டாம எத்தினி ஊரு மாறியிருக்கேன் பாரு! கொசு மட்டும் பழைய விலாசத்துலயே இருக்குது.

பால் காய்ச்சறதுக்கு விடியக்காலை நாலரை மணி முகூர்த்தமா? நல்லது. கேஸு சிலிண்டர் அன்னிக்கு வந்திருக்குமா? “இண்டக்ஷன் ஸ்டவ் இருக்குது”ம்ப. அந்த சோபாக்காரப் பையன் வூட்டுலயும் அதான் நடந்துச்சு. ஐயரு மணி அடிக்கறாரு, மாமியாரு குலவையே போடப் போவுது, பாலு பொங்கி வழிஞ்ச நிமிஷத்துல அடுப்பு கீ கீன்னு கத்திட்டு அணைஞ்சு போச்சு. சகுனம் சரியா தப்பான்னு ஒருத்தனுக்கும் தெரியல. போன்ல வீடியோ எடுத்தவன் மட்டும் கை தட்டினான். ஒரு சின்ன மண்ணெண்ணெய் ஸ்டவ்வோ, பக்கத்து வூட்டு சிலிண்டரோ, முந்தின நாளே சொல்லி வை. உப்பு, மஞ்சள், அரிசி, ஒரு கொடம் தண்ணி, சாமி படம், இவ்வளவுதான் முன்னாடி போவணும். பழைய தொடப்பத்தைத் தூக்கிட்டு வராதே. அதுக்குக் காரணம் கேக்காதே, எழுபது ரூபா தொடப்பத்துக்கு எதுக்குக் காரணம்?

கடைசியா ஒண்ணு. அம்பது பெட்டி கட்டுவ, அம்பதுக்கும் ஸ்டிக்கர் ஒட்டுவ. மறுநாள் காலையில பாத்ரூம்ல மொண்டு ஊத்த ஒரு சொம்பு கிடைக்காது. க்யூஆர் கோடைக் காட்டறதுக்கு போன்ல சார்ஜு இருக்காது. சார்ஜர் முப்பத்தேழாம் நம்பர் பெட்டியில. அதுக்குத்தான் ஒரு மஞ்சப்பை எடுத்துக்கோ. ‘மீண்டும் மஞ்சப்பை’ன்னு 2021 டிசம்பர்ல கவர்மெண்டே சொல்லிடுச்சு, நான் சொன்னாத்தான் உனக்குக் கேக்காது. சொம்பு, பல்லு வெளக்கறது, கத்தி, தீப்பெட்டி, ஒரு பல்பு, ஸ்குரூ டிரைவரு, சார்ஜரு, மாத்து லுங்கி, கொசுவத்தி, வாடகைப் பத்திரம். இந்தப் பை லாரியில ஏறக் கூடாது. உன் மடியில வரணும்.

இறக்கின அன்னிக்கு சாயங்காலம் பெட்டியப் பிரிக்காதே. பக்கத்து வூட்டுக் கதவைத் தட்டு. குப்பை வண்டி எத்தினி மணிக்கு வரும், மோட்டாரு யாரு போடறதுன்னு கேளு. அவங்க உன் சம்பளத்தைக் கேப்பாங்க. பாதியச் சொல்லு.

வண்டி வர்ற அன்னிக்கு எனக்கு ஒரு போன் போடு, நானும் வந்து மேப்பார்வை பார்க்கறேன். உன் புது வூட்டுல திண்ணை இல்லையாமே? அப்ப ஒரு நாற்காலிய மட்டும் கடைசியா ஏத்தச் சொல்லு. கடைசியா ஏத்தறதுதான் முதல்ல இறங்கும். நான் உக்காரணும்.